டீசல் காரும் என் கணக்கு நோட்டும்

சித்திரைக் கடைசியில மாப்பிள்ளை வந்திருந்தார். சாப்பிட்டுட்டுத் திண்ணையில உக்காந்ததும், "மாமா, டீசல் கார் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். பெட்ரோல் வண்டிய விட ஒரு லட்சத்து இருபதாயிரம் சேத்திக் கேக்கறாங்க. போட்ட காசு திரும்ப வருமாங்க?"ன்னு கேட்டார்.

நல்ல கேள்வி. 2013 தை மாசம் நான் டீசல் கார் வாங்கினப்ப இதை யாருகிட்டயும் கேக்கல. டீசல்னா லாபம்னு சின்ன வயசுல இருந்தே மனசுல பதிஞ்சு போயிருந்தது. அது எப்படிப் பதிஞ்சது, அந்த நெனப்பு எந்த வருஷம் சரியா இருந்தது, எந்த வருஷம் தப்பாப் போச்சுன்னு மாப்பிள்ளைக்குச் சொன்னதை இங்கயும் எழுதி வைக்கறேன்.

எங்க ஊர்ல டீசல் முதல்ல வந்தது காருக்கு இல்லீங்க, கெணத்துக்கு. நான் பள்ளிக்கூடம் போன காலத்துல பாதிக் கெணத்துல கவலை ஓடிட்டிருந்தது, மீதிக் கெணத்துல ஆயில் இன்ஜின். எங்க அய்யன் ஒரு அஞ்சு குதிரை இன்ஜின் வாங்கிப் போட்டார். ஹேண்டில் போட்டுச் சுத்தி, வேகம் வந்ததும் லிவரைத் தட்டி விட்டா "டக்... டக்... டக்"ன்னு புடிச்சுக்கும். அந்தச் சத்தம் ரெண்டு காடு தாண்டிக் கேக்கும். அதுக்கு ஊத்தற எண்ணெய்க்கு எங்க ஊர்ல "குருடாயில்"னு பேரு. ஒரு டின் ஊத்தினா எத்தனை பாத்தி பாயும்னு அய்யனுக்குத் துல்லியமாத் தெரியும். கம்மி எண்ணெயில ரொம்ப நேரம் ஓடும், பிளக் கிடையாது, மழையில நனைஞ்சாலும் அடுத்த நாள் ஓடும். 1990ல விவசாயத்துக்கு இலவசக் கரண்ட் வந்த பொறவு இன்ஜினெல்லாம் ஒவ்வொண்ணா மூலைக்குப் போச்சு. எங்களுதும் சாளையில துருப்பிடிச்சுக் கெடக்குது. ஆனா "டீசல்னா சிக்கனம்"ங்கற நெனப்பு மட்டும் துருப்பிடிக்கவே இல்லை.

அந்த நெனப்புல உண்மையும் இருக்குது. பெட்ரோல் இன்ஜின்ல எண்ணெயும் காத்தும் கலந்து உள்ள போகும், பிளக் பொறி வெச்சுக் கொளுத்தும். டீசல்ல பொறியே இல்லை. காத்தை இறுக்கி இறுக்கிச் சூடாக்கி, அந்தச் சூட்டுல எண்ணெயப் பீச்சி அடிச்சா தானாப் பத்திக்கும். ருடால்ப் டீசல்ங்கற ஜெர்மன்காரர் இதை 1897ல ஓட்டிக் காட்டினார். 1900ல பாரிஸ் கண்காட்சியில இந்த வகை இன்ஜின் ஒண்ணை கடலெண்ணெயில ஓட்டியிருக்காங்க. நாம பாடுபட்டு வெளைய வெக்கற நிலக்கடலைதானுங்க!

காத்தை அவ்வளவு இறுக்கறதால எண்ணெயோட சக்தி அதிகமா வேலையாகுது, வீணாகறது கம்மி. டீசல் பெட்ரோலை விட அடர்த்தியும் கூட, அதனால ஒரு லிட்டர்ல இருக்கற சக்தியும் பத்து சதவீதத்துக்கு மேல அதிகம். மைலேஜ் கூடறதுக்கு இந்த ரெண்டும்தான் காரணம். ஆனா அதே அழுத்தத்தைத் தாங்கணும்னா இன்ஜினை கனமா வார்க்கணும். டீசல் பம்பு, நாசில் எல்லாம் முடியளவு பிசகாமச் செய்யணும். இந்தக் காலத்து வண்டியில டர்போ வேற, ஆயிரம் பார் அழுத்தத்துக்கு மேல பீச்சற காமன் ரெயில் வேற. டீசல் கார் விலை கூடுதலா இருக்கறது ஷோரூம்காரர் வெக்கற லாபத்தால மட்டும் இல்லை, உள்ள இருக்கற சாமானே விலை கூடுதல்.

நம்ம நாட்டுல டீசல் கார்னா அது அம்பாசிடர்ல இருந்துதான் ஆரம்பம். 1980 வாக்குல 1489 சி.சி. டீசல் இன்ஜின் போட்டு விட்டாங்க. நாப்பது குதிரை சக்திகூட இல்லாத வண்டி. மேடு ஏறறதுக்குள்ள நடந்து போறவன் முந்திருவான்னு கேலி பேசுவாங்க. ஆனா டாக்ஸி ஸ்டாண்டுல அதுக்குத்தான் மதிப்பு. எங்க பக்கத்துல கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அந்த வண்டிதான் வரும். பின்சீட்டுல ஆறு பேர், முன்னாடி டிரைவரோட மூணு பேர். கறுப்பாப் புகை கக்கிட்டுப் போகும். ஏனுங்க இவ்வளவு மெதுவாப் போறீங்கன்னு டிரைவரைக் கேட்டா, "இதுல போனாத்தானுங்க எனக்கு நாலு காசு மிஞ்சும்"பார். தொண்ணூறுகள்ல பத்மினியிலயும் டீசல் வந்தது. சொந்தக்காருக்கு டீசல் வாங்கறதுன்னா அப்ப யோசிப்பாங்க. சத்தம், நாத்தம், அதிர்வு. அது வாடகை வண்டிக்காரங்களுக்கான சாமான்.

சின்னக் கார்ல டீசல் வந்தது 1998ல. மாருதி ஜென் வண்டியில பிரான்ஸ் நாட்டு பெஜோ இன்ஜினைப் போட்டு டீசல் விட்டாங்க. அந்த வருஷம் டிசம்பர் 30ஆம் தேதி டாடா இண்டிகா வந்தது. அம்பாசிடர் அளவுக்கு இடம், மாருதிக்குப் பக்கமா விலை, டீசல் செலவுன்னு ரத்தன் டாட்டா சொல்லிச் சொல்லி உருவாக்கின வண்டி. ஆரம்ப விலை ரெண்டரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல. முன்பதிவு ஒரு லட்சத்தைத் தாண்டிச்சு. முதல்ல வந்த வண்டிகள்ல குறைகள் நெறைய இருந்தது. அதையெல்லாம் சரி பண்ணி 2001ல வி2ன்னு விட்டாங்க. அதுக்குப் பொறவு ஊருக்கு ஊர் இண்டிகாதான், டாக்ஸி ஸ்டாண்டுல அம்பாசிடரைப் பின்னால தள்ளினதுல அதுக்குப் பெரிய பங்கு உண்டு.

அடுத்த பெரிய மாத்தம் 2007 ஜனவரி. மாருதி ஸ்விப்ட் வண்டியில பியட் கம்பெனியோட 1248 சி.சி. இன்ஜின் வந்தது. டீசல்னா சத்தம், டீசல்னா மெதுவுங்கற பேச்சு அதோட போச்சு. அந்த ஒரே இன்ஜினை மாருதி, டாடா, பியட்னு எல்லாரும் போட்டாங்க, "இந்தியாவோட தேசிய இன்ஜின்"னே அதுக்குப் பேரு. அதுக்கு முந்தின வருஷம் பட்ஜெட்ல நம்ம சிதம்பரம் சின்னக் காருக்கு வரியைக் குறைச்சிருந்தார். நாலு மீட்டருக்குள்ள நீளம் இருக்கணும், பெட்ரோல்னா 1200 சி.சி., டீசல்னா 1500 சி.சி.க்கு மேல போகக் கூடாது. டிக்கிய வெட்டின மாதிரி கார்கள் வர ஆரம்பிச்சதுக்கு அந்த அளவுதான் காரணம். சென்னைக்குப் பக்கத்துல மறைமலை நகர்ல செஞ்ச போர்டு பிகோ 2010ல டீசலோட வந்தது. 2011ல ஆயிரம் சி.சி.க்கும் கம்மியான இன்ஜினோட செவர்லே பீட் டீசல் வந்தது. அதாவது எங்க அய்யனோட ஆயில் இன்ஜின் புத்தி, சொகுசுக் கார் சட்டை போட்டுக்கிட்டு வந்திருச்சு.

ஆனா ஜனங்க டீசல் காருக்கு வரிசையில நின்னதுக்கு இன்ஜின் மட்டும் காரணம் இல்லைங்க. விலை வித்தியாசம்தான் பெரிய காரணம். லாரி, பஸ், ட்ராக்டர், பம்புன்னு எல்லாம் டீசல்ல ஓடறதால, டீசல் ஏறினா அரிசி பருப்பு ஏறும்னு அரசாங்கம் அதைக் கீழயே புடிச்சு வெச்சிருந்தது. 2010 ஜூன் மாசம் பெட்ரோல் விலையை மட்டும் அவுத்து விட்டுட்டாங்க, டீசலைக் கட்டிப் போட்டே வெச்சாங்க. 2012 மே மாசம் ஒரே ராத்திரியில பெட்ரோல் ஏழரை ரூபாய் ஏறிச்சே, ஞாபகம் இருக்குதுங்களா? அன்னிக்கு டெல்லி விலை பெட்ரோல் 73 ரூபாய் 18 காசு. டீசல் 40 ரூபாய் 91 காசு. லிட்டருக்கு 32 ரூபாய் வித்தியாசம்!

கணக்குப் போடலாம். பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 15 கி.மீ., டீசல் வண்டி 20 கி.மீ.ன்னு வெச்சுக்கங்க. கம்பெனி சொல்ற மைலேஜ் இல்லை, ரோட்ல நெசமாக் கெடைக்கறது. பெட்ரோல்ல கி.மீ.க்கு 4 ரூபாய் 88 காசு. டீசல்ல 2 ரூபாய் 5 காசு. மிச்சம் 2 ரூபாய் 83 காசு. டீசல் வண்டிக்கு ஒரு லட்சம் கூடப் போட்டிருந்தா, 35 ஆயிரம் கி.மீ. ஓடினதும் காசு திரும்பிரும். வருஷம் பத்தாயிரம் ஓட்டறவனுக்கு மூணரை வருஷம். அந்தக் காலத்துல வித்த கார்ல பாதிக்கு மேல டீசலாப் போனதுல ஆச்சரியமே இல்லை.

நானும் அந்த அலையில போனவன்தான். மஞ்சள்ல கொஞ்சம் காசு பாத்திருந்தேன். பொண்ணு கல்யாணத்துக்கு முன்னால வீட்டு வாசல்ல ஒரு வண்டி நிக்கணும்னு வீட்டம்மாவுக்கு ஆசை. வண்டிப் பேரு எதுக்குங்க, வேண்டாம். பெட்ரோல் வண்டிய விட ஒரு லட்சத்து பத்தாயிரம் சேத்திக் குடுத்து, கடன் போட்டு எடுத்தேன். வருஷம் எத்தனை கி.மீ. ஓட்டுவீங்கன்னு ஷோரூம்ல யாரும் கேக்கல, நானும் நெனச்சுப் பாக்கல. பொங்கல் கழிஞ்சு வண்டி வீட்டுக்கு வந்தது. அதே வாரம், ஜனவரி 17ஆம் தேதி, டீசல் விலையை மாசாமாசம் ஐம்பது காசு வரைக்கும் ஏத்திக்கலாம்னு மத்திய அரசு சொல்லிருச்சு. மாலை வாடறதுக்குள்ள கணக்கு வாட ஆரம்பிச்சிருச்சு.

அப்ப இன்னொண்ணும் நடந்தது. மொத்தமா வாங்கறவங்களுக்கு டீசல் விலையை லிட்டருக்கு பத்து ரூபாய்க்குப் பக்கமா ஏத்தினாங்க. போக்குவரத்துக் கழகங்கள் மொத்தமா வாங்கறவங்க பட்டியல்ல வந்துட்டாங்க. அதனால நம்ம ஊர் அரசு பஸ்ஸெல்லாம் டிப்போவுல ஊத்தாம சில்லறை பங்க்குல வந்து வரிசையில நின்னது. என் புதுக் காருக்கு டீசல் ஊத்தப் போன நான், அறுபது பேர் போற பஸ்ஸுக்குப் பின்னால நின்னேன். ஏழை பாழை போற பஸ்ஸுக்கும், உழவு ஓட்டற ட்ராக்டருக்கும்னு விலை குறைச்சு வெச்ச எண்ணெயை, நான் கல்யாணத்துக்குப் போக ஏசி போட்டு எரிக்கறேன். மானியத்தைக் காருக்காரன் குடிக்கறான்னு அன்னிக்குப் பேப்பர்ல எழுதினாங்க. எழுதினவங்க மேல கோவம் வந்தது, ஆனா பொய்யுன்னு சொல்ல முடியல. கார்க்காரங்க மட்டும் காரணம் இல்லீங்க, லாரி குடிக்கறதுதான் பெரும்பங்கு. ஆனாலும் விலையை அவுத்து விடறதுக்கு கார் ஒரு நல்ல சாக்காப் போச்சு. அந்த விலை ஏத்தத்தை என் கார் மட்டுமா தாங்குச்சு? உழவுக்கு வர்ற ட்ராக்டர்காரர் மணி வாடகையை ஏத்தினார், அறுப்பு மிஷின்காரர் ஏத்தினார், மஞ்சளை மண்டிக்கு ஏத்திப் போற டெம்போக்காரர் ஏத்தினார். கார்ல மிச்சம் புடிக்கப் பாத்து காட்டுல விட்டேன்.

2014 அக்டோபர்ல டீசலையும் முழுசா அவுத்து விட்டாங்க. அப்ப உலகச் சந்தையில கச்சா எண்ணெய் விலை சரிஞ்சிட்டிருந்தது. நமக்கு நல்ல காலம்னு நெனச்சோம். ஆனா 2014 நவம்பர்ல இருந்து 2016 ஜனவரிக்குள்ள ஒன்பது தடவை கலால் வரியை ஏத்தினாங்க. டீசலுக்கு லிட்டருக்கு 3 ரூபாய் 56 காசா இருந்த வரி 17 ரூபாய் 33 காசாச்சு. 2020 மே மாசம், கொரோனாவுல ஊரே அடங்கிக் கெடந்தப்ப, பெட்ரோலுக்கு பத்து ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் மறுபடி ஏத்தினாங்க. டெல்லி அரசு தன் பங்குக்கு டீசல் வரியைக் கூட்டிச்சு. ஜூன் 24ஆம் தேதி அங்க டீசல் 79 ரூபாய் 88 காசு, பெட்ரோல் 79 ரூபாய் 76 காசு. டீசல் பெட்ரோலைத் தாண்டிருச்சு! எங்க அய்யன் இருந்திருந்தா நம்பியிருக்க மாட்டார்.

பழைய கணக்கையே இந்த விலையில போட்டா, கி.மீ.க்கு மிச்சம் 1 ரூபாய் 33 காசுதான். ஒரு லட்சம் திரும்ப 75 ஆயிரம் கி.மீ. ஓடணும். வண்டியும் அதேதான், மைலேஜும் அதேதான். எட்டு வருஷத்துல லாபம் வர்ற தூரம் மட்டும் ரெண்டு மடங்குக்கு மேல தள்ளிப் போயிருச்சு.

புகை விஷயத்தையும் சொல்லியாகணும். 2015 செப்டம்பர்ல வோக்ஸ்வேகன் கம்பெனி சோதனையில ஒரு புகை, ரோட்ல ஒரு புகைன்னு ஏமாத்தினது அமெரிக்காவுல வெளிய வந்தது. உலகம் பூரா ஒரு கோடிப் பத்து லட்சம் வண்டி. நம்ம நாட்டுல, பத்து வருஷம் தாண்டின டீசல் வண்டி டெல்லி வட்டாரத்துல ஓடக் கூடாதுன்னு பசுமைத் தீர்ப்பாயம் அந்த வருஷமே சொல்லிருச்சு, 2018ல உச்ச நீதிமன்றமும் அதை உறுதி பண்ணிச்சு. நம்ம பக்கம் அந்தத் தடை இல்லை. ஆனா பழைய டீசல் கார் வாங்கறவங்க கண்ணுல ஒரு பயம் வந்திருச்சு, அது விலையில தெரியும்.

அப்பறம் 2020 ஏப்ரல் 1ல பி.எஸ். 6 விதி. நாலுல இருந்து அஞ்சைத் தாண்டி நேரா ஆறுக்குப் போனாங்க. பெட்ரோல் வண்டிக்கு இதனால பெரிய செலவில்லை. டீசலுக்குப் புகைபோக்கியிலயே ஒரு குட்டித் தொழிற்சாலை வெக்கணும். கரியைப் புடிக்க ஒரு வடிகட்டி, விஷ வாயுவை அடக்க வேற சாமான். சின்ன வண்டியில அந்தச் செலவை ஏத்தினா வாங்க ஆள் இருக்க மாட்டாங்கன்னு, 2019 ஏப்ரல்லயே மாருதி டீசலை விடறதா அறிவிச்சிருச்சு. தேசிய இன்ஜினுக்கு அதோட முடிவு. மத்த கம்பெனிகளும் சின்னக் கார்ல ஒவ்வொண்ணா நிறுத்தினாங்க. இன்னிக்கு நாலு மீட்டருக்குள்ள டீசல் வேணும்னா டாடா, மகிந்திரா, ஹூண்டாய், கியான்னு விரல் விட்டு எண்ணிரலாம். அதுவும் பெரும்பாலும் உசரமான வண்டிகதான்.

அந்தக் கரி வடிகட்டியப் பத்தி ஒரு வார்த்தை. அதுல சேர்ற கரி எரிஞ்சு சுத்தமாகணும்னா வண்டி நல்ல வேகத்துல கொஞ்ச நேரம் தொடர்ந்து ஓடணும். மண்டிக்கு நாலு கி.மீ., பால் சொசைட்டிக்கு ரெண்டு கி.மீ.ன்னு ஓட்டினா அடைச்சுக்கும். ஆயில் இன்ஜின்கூட அப்படித்தானுங்க, சும்மா அஞ்சு நிமிஷம் ஓட்டி நிறுத்தினா கரி புடிக்கும், நாள் பூரா ஓடினா சுத்தமா இருக்கும்.

என் நோட்டைக் காட்டறேன். பன்னண்டு வருஷத்துல 80 ஆயிரம் கி.மீ. விலை ஏத்த எறக்கமெல்லாம் பாத்து, சராசரியா கி.மீ.க்கு 1 ரூபாய் 60 காசு மிச்சமாகியிருக்குது. மொத்தம் 1,28,000 ரூபாய். கூடப் போட்ட விலை 1,10,000. அப்ப 18 ஆயிரம் லாபம்னு மாப்பிள்ளை சொன்னார். இருங்கன்னு அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். அந்த ஒரு லட்சத்து பத்துக்கு அஞ்சு வருஷம் கட்டின வட்டி மட்டும் 33 ஆயிரம். ஒன்பதாவது வருஷம் இன்ஜெக்டர் பாத்தது 28 ஆயிரம். ஆக 43 ஆயிரம் நட்டம். பெரிய நட்டம்னு சொல்ல மாட்டேன், ஒரு வருஷம் மஞ்சள் விலை சரிஞ்சா இதை விட அதிகமாப் போகும். ஆனா லாபம்னு நெனச்சு வாங்கினது நட்டம்.

எங்க பங்காளி அண்ணன் ஒருத்தர் அதே வருஷம் அதே வண்டி எடுத்தார். டாக்ஸிக்கு ஓட்டினார். ஒரு வருஷம் சொச்சத்துலயே கூடப் போட்ட காசு திரும்பிருச்சு. இப்ப நாலு லட்சம் கி.மீ. தாண்டியும் ஓட்டறார். ரெண்டு தடவை டர்போ பாத்தாச்சு, அதுக்கப்புறமும் அவருக்கு லாபம்தான்.

இதையெல்லாம் கேட்டுட்டு மாப்பிள்ளை, "நான் மாசம் 2,500 கி.மீ. ஓட்டறேனுங்க மாமா, எனக்குச் சரியா வரும்"னார். மருந்துக் கம்பெனியில விக்கற வேலை, சுத்தற ஆள்தான். இன்னிக்கு பெட்ரோல் 100 ரூபாயை ஒட்டி, டீசல் 92 ரூபாயை ஒட்டி இருக்குது. இப்ப வர்ற பெட்ரோல் வண்டியும் முன்ன மாதிரி இல்லை, 17 கி.மீ. குடுக்குது. டீசல் 21ன்னு வெச்சாலும் கி.மீ.க்கு ஒண்ணரை ரூபாய்தான் மிச்சம். ஒரு லட்சத்து இருபதாயிரம் திரும்ப 80 ஆயிரம் கி.மீ. ஓடணும். மாசம் 2,500னா ரெண்டே முக்கா வருஷம், தாராளமா வாங்கலாம். வாய்க்கணக்கு வேண்டாம், மூணு மாசம் மீட்டரைப் பாத்து நோட்டுல எழுதிட்டு வாங்கன்னு சொல்லி, பள்ளிக்கூட நோட்டு ஒண்ணைக் கையில குடுத்து அனுப்பினேன்.

முதல் மாசக் கணக்கு போன்ல வந்தது. 1,340 கி.மீ. ஈரோட்டுக்கும் கோயமுத்தூருக்கும் பாதி நாள் பஸ்லதான் போறாராம், பார்க்கிங் கெடைக்கறதில்லைன்னு. அந்தக் கணக்குல காசு திரும்ப அஞ்சு வருஷம் ஆகும், அதுவும் வட்டியையும் ரிப்பேரையும் விட்டுட்டு.

ரெண்டாவது மாசக் கணக்கு இன்னும் வரலை. நேத்து அம்மிணிக்குப் போன் போட்டுக் கேட்டேன். "நோட்டு எங்க வெச்சாருன்னு தெரியலையாம்ப்பா, தேடிட்டு இருக்கறாரு"ங்கறா.